பதினோராவது பாட்டு

பத்தாவது பாட்டு முடிகிற நேரத்தில் ஆஸ்வின் டேக்கர்ஸ் தன் டாக்சியின் நான்கு கண்ணாடிகளையும் இறக்கிவிடுவார். மழை பெய்தாலும் இறக்குவார். பின்னிருக்கையில் நான்கு பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்க, ஐந்தாவது ஆள் ஒரு தொடையை மட்டும் வண்டிக்குள் வைத்திருப்பார். பாவம், இவர்களுக்குக் காற்று வேண்டுமே என்ற கருணையெல்லாம் அல்ல. பதினோராவது பாட்டு அவருடையது. கிங்ஸ்டன் நகரில் ஹாஃப் வே ட்ரீயிலிருந்து பாப்பைன் வரை சாலையோரத்தில் நிற்கிற ஜனங்களுக்கும் அது போய்ச் சேர வேண்டும். ஒலியை முழுக்கத் திருகிவிட்டு, மேல்கண்ணாடி வழியாகப் பின்னிருக்கை முகங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பார். "இது யாரு குரல்னு தெரியுதா?" என்பார். தெரிந்தவர்கள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்கள். தெரியாத பள்ளி ஆசிரியை ஒருத்தி ஒருநாள், "ஏதாவது சோப்பு விளம்பரமா?" என்று கேட்டுவிட்டாள். அவளைப் பாதி வழியில் இறக்கிவிட்டார் என்று டாக்சி ஸ்டாண்டில் பேச்சு. அவர் மறுக்கிறார். அவளேதான் இறங்கிக்கொண்டாளாம்.

பாட்டுலகில் அவருடைய பெயர் சார்ஜென்ட் ஜிஞ்சர். கிங்ஸ்டனில் பாட வருகிறவன் முதல் காரியமாகத் தனக்கு ஒரு பதவியைச் சூட்டிக்கொள்வான். ஆஸ்வின் வந்து சேர்வதற்குள் ஜெனரல், அட்மிரல், மேஜர் எல்லாம் தீர்ந்து போயிருந்தன. சார்ஜென்ட் ஒன்றுதான் காலியாகக் கிடந்தது. சேர்ந்தபோது இருபத்து மூன்று வயது. இப்போது நாற்பத்தைந்தாகிறது. இன்னும் சார்ஜென்ட்டாகவே இருக்கிறார்.

இந்தத் தொழிலின் லட்சணத்தையும் சொல்லிவிட வேண்டும். எவனாவது ஒரு பையன் கணினியில் ஒரு தாளம் கட்டுவான். அதற்கு ஒரு பெயரும் வைப்பான். பிறகு ஊரிலுள்ள பாடகர்களெல்லாம் வரிசையாக வந்து, அதே தாளத்தின் மேல் ஆளுக்கொரு பாட்டைப் பாடிவிட்டுப் போவார்கள். எல்லாவற்றையும் சேர்த்தால் ஒரு தொகுப்பு. மாவு ஒன்று, சுடுகிற கை வேறு. ஆனால் சுட வருகிற எவனும் முதலில் மாவைப் பார்க்க மாட்டான். வேறு யார் யார் சுடுகிறார்கள் என்றுதான் கேட்பான். நட்சத்திரப் பாடகர் பாடிவிட்டார் என்று தெரிந்தால்தான் மற்றவர்களுக்குத் தொண்டை திறக்கும். அதனால் தாளம் கட்டியவன், நட்சத்திரம் பாடிவிட்டதாகச் சின்னவர்களிடம் சொல்வான். சின்னவர்கள் காத்துக் கிடப்பதாக நட்சத்திரத்திடம் சொல்வான். இந்த இரண்டு பொய்களும் எங்கேயோ ஒரு வாரக் கடைசியில் சந்தித்து உண்மையாகிவிடும்.

தொகுப்பில் பாட்டுகளின் வரிசையும் சும்மா வருவதல்ல. முதல் மூன்று இடம் நட்சத்திரங்களுக்கு. அடுத்த ஐந்து, சுவரொட்டியில் முகம் வருகிறவர்களுக்கு. பிறகு தாளம் கட்டியவனின் சித்தி மகன். பிறகு ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிறவரின் மருமகன். அதற்கும் பிறகு சார்ஜென்ட் ஜிஞ்சர். அவருக்குப் பின்னால் யாரும் இல்லை. குரலே இல்லாத வெறும் தாளம் மட்டும் ஓடி முடியும். அந்த வெறும் தாளத்தை அவருடைய பாட்டைவிட ரசித்துக் கேட்பவர்களும் உண்டு.

இதெல்லாம் ஆஸ்வினுக்குத் தெரியாததல்ல. "டைல்ஸ எல்லாரும் பாப்பாங்க. அடியில இருக்கிற சிமென்ட்ட எவன் பாப்பான்? ஆனா அது இல்லாம டைல்ஸ் நிக்குமா?" என்று ஸ்டாண்டில் வகுப்பெடுப்பார். இருபது வருடங்களாக கிங்ஸ்டனில் வந்த தொகுப்புகளில் பெரும்பாலானவற்றில் அவர் இருக்கிறார். தனியாக ஒரு பாட்டும் வெளிவந்ததில்லை. கல்யாண வீட்டுப் படங்களில் எல்லாம் ஓரத்தில் நிற்கிற உறவினர் மாதிரி, யாரென்று யாருக்கும் தெரியாது. ஆனால் எந்தப் படத்திலும் விடுபட்டிருக்க மாட்டார்.

ஓர் உண்மையை உடைத்துச் சொன்னால், இத்தனை வருடங்களில் அவர் பாடியது ஒரே ஒரு பாட்டு. "அடுப்புல பானை கொதிக்குது, வாசல்ல சார்ஜென்ட் நிக்கிறான்" என்று தொடங்கும். தாளம் வேகமாக இருந்தால் சார்ஜென்ட் வேகமாக நிற்பான். மெதுவாக இருந்தால் சாய்ந்து நிற்பான். கதவைத் திறக்க வேண்டிய பெண்ணின் பெயரும் பானையில் வேகிற பண்டமும் மட்டும் தொகுப்புக்குத் தொகுப்பு மாறும். ஷெல்லி ஆட்டுக்கறி சமைத்தாள், நோர்மா உப்புமீன் சமைத்தாள், பாட்ரிசியா பட்டாணிச் சோறு சமைத்தாள். எவளும் இதுவரை கதவைத் திறக்கவில்லை. ஒரே பாட்டுதான் என்பதை இந்தத் தீவில் ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை என்றால், எவ்வளவு கவனமாகக் கேட்டிருக்கிறார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கண்டுபிடித்தவள் ஒருத்தி உண்டு. அவரோடு குடித்தனம் நடத்துகிற மார்வா. பள்ளிக்கூட உணவகத்தில் சமையல் அவள் பொறுப்பு. இத்தனை பெண்கள் சமைக்கிறார்களே, நிஜமாகவே சமைத்துப் போடுகிறவள் பெயர் ஏன் ஒரு தாளத்திலும் வரவில்லை என்று ஒருமுறை கேட்டாள். உன் பெயர் தாளத்தில் உட்கார மாட்டேன் என்கிறது என்று தொழில்நுட்பக் காரணம் சொன்னார். "அப்ப நான் நின்னுக்கறேன்" என்று சொல்லிவிட்டு அன்றைக்குத் தட்டில் ஒரு கரண்டி குறைத்துப் போட்டாள்.

ஆனால் ஆஸ்வினிடம் ஒரு பெருமை இருந்தது. அதை யாராலும் அசைக்க முடிந்ததில்லை. தெரு நடனங்களில் செலக்டர் பாட்டுகளை அடுத்தடுத்துப் போடும்போது எதையும் முழுக்க ஓட விடுவதில்லை. நட்சத்திரத்தின் பாட்டு இரண்டு வரி ஓடியதுமே கூட்டம் தகரவேலியை அடித்து அமர்க்களம் செய்யும். செலக்டர் பாட்டை நிறுத்தித் திருப்பி முதலிலிருந்து போட வேண்டும். அப்படியே நாலு தடவை. மற்றவர்களுடைய பாட்டைப் பாதியில் வெட்டி அடுத்ததற்குத் தாவிவிடுவார்கள். சார்ஜென்ட் ஜிஞ்சரின் பாட்டு மட்டும் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை தடங்கலின்றி ஓடும். கிங்ஸ்டனின் மூத்த செலக்டர் ரூபர்ட், எல்லாரும் ரூப் என்று அழைக்கிற அந்த மனிதர், ஒருமுறைகூட அதை வெட்டியதில்லை.

"டீசல் கிட் பாட்டுல ரெண்டாவது சரணம் என்னன்னு சொல்லு பாப்போம்" என்று ஸ்டாண்டில் சவால் விடுவார். டீசல் கிட்தான் இப்போதைய பெரிய நட்சத்திரம். யாருக்கும் தெரியாது. "என் பாட்டுல மூணாவது சரணமே கேட்டிருப்பீங்க. ரூப் மாதிரி ஆளு சும்மா விடுவானா? சரக்கு இருந்தாத்தான் விடுவான்." பாட்டு ஓடும்போது அவர் ஒலிபெருக்கி அடுக்கின் பக்கத்தில் கண்ணை இறுக மூடிக்கொண்டு நிற்பார். பக்தி அப்படி. அதனால் பாட்டு ஓடுகிற நேரத்தில் ரூப் எங்கே இருக்கிறார் என்று அவர் பார்த்ததே இல்லை.

போன மாதம் இந்தச் சிமென்ட்டுக்கு ஆபத்து வந்தது. ஓமாரி பிளாக்ரோவ் என்று ஒரு பையன், டுஹேனி பார்க் என்ற பேட்டையில் அம்மா வீட்டுத் துணி துவைக்கிற அறையை ஸ்டூடியோவாக்கி வைத்திருக்கிறான். புயலில் கூரை போனவர்களுக்கு அரசாங்கம் கொடுத்த நீலத் தார்ப்பாய் காற்றில் படபடப்பதைப் பதிவு செய்து ஒரு தாளம் கட்டினான். தார்ப்பாய் தாளம் என்று பெயர். நல்ல தாளம், அதில் பொய்யில்லை. கேட்டால் சும்மா நிற்கிறவனுக்கும் முட்டி ஆடும். டீசல் கிட் பாடிவிட்டான், நிஜமாகவே பாடிவிட்டான் என்று செய்தி பரவியது. ஆஸ்வின் தொண்டைக்கு இஞ்சிக் கஷாயம் குடித்துக்கொண்டு அழைப்புக்குக் காத்திருந்தார். அழைப்பு வரவில்லை. பிறகு, இந்தத் தடவை பத்தே பாட்டுதான் என்று ஸ்டாண்டில் ஒருவன் வந்து சொன்னான்.

அன்றைக்கு முழுக்க அவர் டாக்சியில் பாட்டு ஓடவில்லை. பயணிகள் வண்டி ரிப்பேரோ என்று கேட்டார்கள். அவருக்கு உள்ளுக்குள் பயம் பிடித்துவிட்டிருந்தது. ஒரு தொகுப்பில் இல்லையென்றால் அடுத்ததிலும் கூப்பிட மாட்டார்கள்; இந்த ஊர் அப்படி. சார்ஜென்ட் போய்விட்டால் மிச்சம் ஆஸ்வின்தான். ஹாஃப் வே ட்ரீயில் ஆஸ்வின்கள் நிறைய இருக்கிறார்கள். எல்லாருக்கும் வெள்ளை டாக்சி, எல்லாருக்கும் இடுப்பு வலி.

மார்வாவிடம் சொல்லி மீன் பொரித்து, மரவள்ளி ரொட்டியோடு பொட்டலம் கட்டி எடுத்துக்கொண்டு ஓமாரி வீட்டுக்குப் போனார். ஓமாரி மரியாதை தெரிந்த பையன். பொட்டலத்தை வாங்கிக்கொண்டான். உட்காரக் கவிழ்த்த பக்கெட் போட்டான்.

"அங்கிள், நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது. இப்பல்லாம் போன்லதான் கேக்கறாங்க. பத்துக்கு மேல யாரும் போறதில்ல."

அங்கிள் என்ற சொல்லே ஆஸ்வினுக்கு மீன்முள் மாதிரி தைத்தது. நான் பாடிய தொகுப்புக்கு உன் அப்பா நடனமாடியிருக்கிறார் என்றார். ஓமாரி அதை மறுக்கவில்லை. அப்பா இப்போது முட்டி அறுவை சிகிச்சைக்குக் காத்திருக்கிறார் என்று மட்டும் சொன்னான். உன் சித்தி மகன் மட்டும் பட்டியலில் இருக்கிறானே என்று ஆஸ்வின் கேட்டதற்கு, சித்தி மாடியில் குடியிருக்கிறாள், அவள் வீட்டு மின்சாரத்தில்தான் ஸ்டூடியோ ஓடுகிறது என்று பதில் வந்தது. நியாயமான பதில்தான். கடைசியில் ஆஸ்வின் தன் பிரம்மாஸ்திரத்தை எடுத்தார். ரூப்பைக் கேள், என் பாட்டை அவர் எப்படி ஓட்டுகிறார் என்று கேள் என்றார்.

கேட்க வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. பட்டியலைப் பார்த்துவிட்டு ரூப்பே கோபமாகக் கிளம்பி வந்திருந்தார். வாசலில் காரை நிறுத்தி, இறங்க ஒரு நிமிடம், நிமிர ஒரு நிமிடம் எடுத்துக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி உள்ளே வந்தார். வந்ததும் வராததுமாக, "லிஸ்ட்டுல ஜிஞ்சர் எங்கடா?" என்றார்.

ஆஸ்வின் பக்கெட்டிலிருந்து எழுந்து நின்றார். "சொல்லு ரூப். நீயே தம்பிக்குச் சொல்லு."

"ஜிஞ்சர் பாட்டு இல்லேன்னா நான் எப்படா ஒண்ணுக்குப் போறது?"

ஓமாரி சிரித்தான். ரூப் சிரிக்கவில்லை.

"உனக்கு இருபத்தாறு வயசு, சிரிப்ப. எனக்குச் சர்க்கரை. டீசல் கிட் பாட்டு ஓடும்போது நகர முடியாது. தகரத்த அடிப்பானுங்க, நிறுத்தித் திருப்பிப் போடணும். உன் சித்தி மவன் பாட்டு ஓடும்போது நகரவே கூடாது. பீர் பாட்டில் பறந்து வரும், சட்டுனு மாத்தணும். சும்மா தாளத்த ஓட விட்டுட்டுப் போலாம்னா, மைக் வெச்சிருக்கிற பய அதுல ஏறிப் பாட ஆரம்பிச்சிடுவான், அப்புறம் இறக்க முடியாது. இவன் பாட்டு ஒண்ணுதான். எவனும் தகரத்த அடிக்கவும் மாட்டான், திட்டவும் மாட்டான். நிம்மதியா போயிட்டு, கை கழுவிட்டு, ஒரு கப் சூப்பு வாங்கிட்டு வந்தாலும் இவன் இன்னும் வாசல்லயேதான் நிப்பான்."

ஆஸ்வின் மறுபடி பக்கெட்டில் உட்கார்ந்தார்.

"நான் மட்டுமா? மே பென் ஊர்ல கேளு, மான்டிகோ பே ஊர்ல கேளு. தீவு பூரா செலக்டருங்க இவன் பாட்டு எப்ப வரும்னுதான் கால மாத்தி மாத்தி நின்னுட்டிருக்கானுங்க." சொல்லிவிட்டு ரூப் அன்போடு ஆஸ்வினின் தோளைத் தட்டினார். "உனக்குத் தெரிஞ்சதுதானே, ஜிஞ்சர்?"

"தெரியாம என்ன" என்றார் ஆஸ்வின்.

ரூப்புக்கு இதில் கேலி கொஞ்சமும் இல்லை என்பதுதான் கொடுமை. தன் தொழிலில் நம்பகமான ஒரு கருவியைப் பாராட்டுகிற மாதிரிதான் பாராட்டினார். ஓமாரியும் கணக்குத் தெரிந்தவன். செலக்டர்கள் போடாத தொகுப்பு செத்த தொகுப்பு. பத்து என்பது அங்கேயே பதினொன்றாகிவிட்டது. அடுத்த வியாழக்கிழமை வந்து பாடுங்கள் அங்கிள் என்றான். கேட்டு வந்தது கிடைத்துவிட்டது. ஆஸ்வின் கிளம்பும்போது மீன் பொட்டலத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

வீட்டில் மார்வாவிடம் விஷயத்தைச் சொன்னது அவர் செய்த பிழை. அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள். முடியவில்லை. நாற்காலியைத் தேடி உட்கார்ந்து, ஏப்ரனால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். போக மாட்டேன், செத்தாலும் போக மாட்டேன் என்றார் ஆஸ்வின்.

"நான் பாடகன், மார்வா. கக்கூஸ் கதவு இல்ல."

"பாடகன்னா போய்ப் பாடு. கதவுன்னா போய்த் திற. எதுவா இருந்தாலும் வியாழக்கிழமைக்குச் சட்டைய நான் தேய்ச்சு வெக்கறேன்." சிரிப்பு அடங்கிய பிறகு இன்னொன்றும் சொன்னாள். "டீசல் கிட்டுன்னா தீவுல பாதிப் பேருக்கு ஆகாது. உன்ன நம்பி எல்லாரும் போறாங்க. அதுல உனக்கு என்ன குறைச்சல்?"

ஆறுதலா, குத்தலா என்று அவருக்குப் பிடிபடவில்லை. அவள் சொல்வது எப்போதும் அப்படித்தான் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஹெல்ஷயர் கடற்கரையில் ரூப்பின் கச்சேரி. வெயில் இன்னும் இறங்கவில்லை. ஆஸ்வின் போவதில்லை என்று முடிவு செய்திருந்தார், அதனால் கொஞ்சம் தாமதமாகப் போனார். ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் அல்ல, மீன் கடைகளின் ஓரமாக, தொப்பியை இறக்கிவிட்டுக்கொண்டு நின்றார். போன வருடத் தொகுப்பு ஓடியது. நட்சத்திரங்கள் வந்தார்கள், போனார்கள். அவருடைய பாட்டு தொடங்கியது. இந்தத் தடவை கண்ணை மூடவில்லை.

கூட்டம் ஏதோ மணி அடித்த மாதிரி கலைந்தது. ஒருவன் சிகரெட்டுக்கு நெருப்புக் கேட்டான். பெண்கள் குதிகால் செருப்பைக் கழற்றி மணலைத் தட்டினார்கள். ஒருத்தி வீட்டுக்குப் போன் செய்து, பிள்ளை சாப்பிட்டானா என்று விசாரித்தாள். ஒருவர் முகத்திலும் வெறுப்பில்லை. வெறுப்பாவது இருந்திருக்கலாம் என்று ஆஸ்வினுக்குத் தோன்றியது.

பிறகுதான் ரூப்பைப் பார்த்தார். அவர் பாட்டுப் போடுகிற மேசையை விட்டு நகர்ந்து, கடைகளுக்குப் பின்னாலிருக்கும் தகரக் கொட்டகையை நோக்கி மணலில் காலை இழுத்து இழுத்துப் போய்க்கொண்டிருந்தார். வலது முட்டி மடங்கவே இல்லை. போய்ச் சேர்ந்தபோது பாட்டில் இரண்டாவது சரணம் முடிந்துவிட்டது. வெளியே வந்தபோது கடைசி வரி. ரூப் ஓட ஆரம்பித்தார். ஒரு கையால் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பெரிய உடம்பை மணலில் தள்ளிக்கொண்டு ஓடினார். பாட்டு நின்றது. தாளம் நின்றது. கடல் சத்தம் கேட்டது. கூட்டம் 'ஊ' என்றது, மைக் பையன் ரூப்பின் வயதையும் மூத்திரப்பையையும் பற்றி ஒரு ஜோக் அடித்தான், எல்லாரும் சிரித்தார்கள். ரூப் மேசையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கியபடி அடுத்த பாட்டைத் தேடினார். கிங்ஸ்டனின் மூத்த செலக்டர்.

ஆஸ்வின் சிரிக்கவில்லை. தன்னைப் பார்த்துச் சிரித்திருந்தால்கூட அவருக்கு இவ்வளவு வலித்திருக்காது.

வியாழக்கிழமை தேய்த்த சட்டையோடு போனார். ஓமாரி ஹெட்ஃபோனைக் கொடுத்துவிட்டு, மூன்று நிமிடம் அங்கிள், அதற்கு மேல் யாருக்கும் இல்லை, டீசல் கிட்டுக்கும் அவ்வளவுதான் என்று எச்சரித்தான். தார்ப்பாய் படபடத்தது. சார்ஜென்ட் ஜிஞ்சர் பாடினார். இந்த முறை க்ளோரியா என்று ஒருத்தி வாழைக்காய் வேக வைத்துக்கொண்டிருந்தாள். முதல் சரணம், இரண்டாவது சரணம், மூன்றாவது சரணம். எப்போதும் முடிக்கிற இடம் வந்தது, முடித்தார். ஓமாரி நிறுத்துவதற்குக் கையை நீட்டினான்.

"நிறுத்தாத, தம்பி. இன்னும் இருக்கு."

"அங்கிள், மூணு நிமிஷம் ஆயிடுச்சு. இதுக்கு மேல யாரு கேக்கப் போறாங்க?"

"யாரும் கேக்க வேணாம். அந்தாளுக்கு முட்டி மடங்கல. மணல்ல நடந்து வரணும்."

ஓமாரி விழித்தான். ஆஸ்வின் ஒரு கையால் ஹெட்ஃபோனை அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஓடட்டும் என்று மறு கையின் விரலை அவனை நோக்கிக் காற்றில் மெதுவாகச் சுற்றிக் காட்டியபடி நான்காவது சரணத்தைத் தொடங்கினார்.